ஆகஸ்ட் பத்தொன்பதுக்கு ஒரு வரி

ஜூன் 9, திங்கள்

அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தபோது சோலைராஜ் வந்தான். எட்டாம் வகுப்பில் என்னிடம் சமூக அறிவியல் படித்தவன். இப்போது பொற்கொடி அச்சகத்தில் தினசரி நாட்காட்டிக்கு அவன்தான் பொறுப்பு. தலை நரைத்துவிட்டது, இன்னும் என் எதிரில் நாற்காலியின் நுனியில்தான் உட்காருகிறான்.

“டீச்சர், அடுத்த வருசத் தாளுக்கு நீங்கதான் எழுதித் தரணும். போன வருசம் வேற ஒருத்தர்ட்ட குடுத்தோம். அன்னையர் தினத்தக் கொண்டுபோயி வெள்ளிக்கிழமையில போட்டுட்டாரு. ஒரு ஜவுளிக்கடைக்காரர் ஃபோன் போட்டு, ‘உங்க ஊர்ல மட்டும் அம்மாவுக்கு அவசரமாய்யா’ன்னு கேக்காரு.”

நல்ல நேரம், ராகு காலம், சூலம் எல்லாம் ஜோதிடர் பாடு. அதற்குக் கீழே இரண்டு வரிக்கு இடம் இருக்கும். அன்று என்ன தினம், அது எப்படி வந்தது என்று அந்த இரண்டு வரிக்குள் சொல்ல வேண்டும். அதற்கு மேல் ஒரு எழுத்துக்கும் இடமில்லை.

ஒப்புக்கொண்டேன். சும்மா இருந்தால் கை எதையாவது தேடுகிறது. நேற்றுத் துடைத்த ஜன்னலை இன்றும் துடைத்தேன்.

சாயங்காலம் சுகந்தி லேபிலிருந்து வந்ததும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், பிறகு தண்ணீர் குடித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். சுகந்தி என் மருமகள். இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

ஜூன் 10, செவ்வாய்

ஒரு தேதி எப்படித் ‘தினம்’ ஆகிறது? வகுப்பாக இருந்தால் இப்படிக் கேட்டிருப்பேன்: உங்கள் தெருவில் ஒரு வேகத்தடை இருக்கிறதே, அது ஏன் சரியாக அந்த இடத்தில் இருக்கிறது? முன்பு அங்கே யாரோ அடிபட்டிருக்கிறார்கள். நாட்காட்டியில் பல தினங்கள் வேகத்தடைதான். டிசம்பர் 2, மாசுக் கட்டுப்பாட்டு நாள். அதற்கு அடியில் போபால் படுத்திருக்கிறது.

சில தினங்கள் பிறந்தநாள்கள். சில, கூட்டம் கூடிய நாள்கள். ஜூன் 5 சுற்றுச்சூழல் நாளாக ஆனதற்குக் காரணம், ஸ்டாக்ஹோமில் மாநாடு அன்று தொடங்கியது. மார்ச் 24 காசநோய் நாள். அந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததாக ஒரு மருத்துவர் எழுந்து நின்று அறிவித்த தேதி. உலகத்துக்கு ஒரு சேதி வந்து சேர்ந்த தேதி என்று சொல்லலாம்.

அக்டோபர் 22-க்குத் திக்குவாய் உள்ளவர்களுக்கான நாள் என்று கிடைத்தது. ஞானதுரை நினைவுக்கு வந்தான். பாடம் வாசிக்கச் சொன்னால் முதல் எழுத்திலேயே நின்றுவிடுவான், வகுப்பு சிரிக்கத் தொடங்கும். நான் வகுப்பைப் பார்த்துக் கையை உயர்த்திக்கொண்டு அவன் முடிக்கும்வரை நிற்பேன். வளர்ந்து வேலைக்குப் போன பிறகும் ஆசிரியர் தினத்தன்று பள்ளி வாசலில் கடலைமிட்டாய்ப் பொட்டலத்தோடு நிற்பான். கையில் கொடுப்பான், ஒன்றும் பேசாமல் போய்விடுவான். நான் ஓய்வு பெற்றபின் அவனைப் பார்க்கவில்லை.

அந்த நாளை விட்டுவிட்டேன். அவ்வளவாக யாருக்கும் தெரியாத தினம். யார் படிக்கப்போகிறார்கள்?

ஜூன் 14, சனி

இன்று இரத்த தான நாள். சுகந்தி ஒரு பன்னும் மாம்பழ ஜூஸும் கொண்டுவந்தாள். லேபில் இரத்தம் கொடுத்தவர்களுக்குக் கொடுத்ததாம்.

“இரத்த வகைகளக் கண்டுபிடிச்சவரோட பிறந்தநாள்மா இன்னைக்கு. அதான் இந்தத் தேதி.”

“பிறந்தநாள்னா கேக்குதானத்தை குடுக்கணும்? பன்னக் குடுத்து ஏமாத்திட்டாங்க பாருங்க.”

இருவரும் சிரித்தோம். பன்னைப் பாதியாகப் பிய்த்து எனக்குக் கொடுத்தாள். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“அத்தை, கண்ணபிரான் சார் கேட்டுருக்காரு.”

“எதை?”

“என்னையத்தான்.”

கண்ணபிரான், லேபுக்குக் கீழே மருந்துக்கடை வைத்திருப்பவர். மனைவி இறந்துவிட்டாள். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பெண் குழந்தை இருக்கிறது. நல்ல மனிதர். சில்லறைக்குப் பதிலாக மிட்டாய் நீட்டாத ஒரே கடை அதுதான்.

“நல்ல விசயம்மா” என்றேன். நிஜமாகவே அப்படித்தான் சொன்னேன். உடனே எழுந்துபோய், காயாத துணிகளை எடுத்து மடித்தேன்.

ஜூன் 23, திங்கள்

வக்கீல் அருள்மொழி வீட்டுக்குப் போனோம்.

என் மகன் தயாளன் காலண்டர் ஏஜென்ட். மாதிரி ஆல்பத்தை எடுத்துக்கொண்டு ஆந்திரப் பக்கம் ஆர்டர் பிடிக்கப் போனவன் திரும்பவில்லை. ஒன்பது வருடமாகிறது. போலீஸ், பேப்பர், போகாத ஊர் இல்லை. கடைசியாக அவன் செல்போன் நெல்லூர் அருகே சிக்னல் காட்டியிருக்கிறது. அவ்வளவுதான் தெரியும். அந்தத் தேடலிலேயே தயாளனின் அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

சுகந்தி மறுமணம் செய்ய வேண்டுமானால் முதலில் விவாகரத்து வேண்டும். சட்டத்தில் அதற்கு ஒரு பிரிவு இருக்கிறது. வக்கீல் அதைத் தமிழில் விளக்கினார்: அந்த நபர் உயிரோடிருந்தால் இயல்பாக யாருக்குத் தெரிந்திருக்குமோ, அவர்களுக்கு ஏழு ஆண்டுகளாக எந்தச் சேதியும் இல்லாதிருக்க வேண்டும்.

“அது யாரு? அம்மாதான? அதனால டீச்சர், உங்க வாக்குமூலம்தான் இதுல முக்கியம். அவரு இறந்துட்டாருன்னு நீங்க சொல்ல வேண்டாம், கோர்ட்டும் சொல்லாது. எனக்கு ஒரு சேதியும் வரலைன்னு சொன்னாப் போதும். இந்தப் பத்திரத்துல ஒரு கையெழுத்து.”

படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடும் பழக்கம் எனக்கு இல்லை. மூக்குக்கண்ணாடி வீட்டில் இருக்கிறது, இன்னொரு நாள் வருகிறேன் என்றேன்.

சுகந்தியோடு ஆட்டோவில் திரும்பினேன். வீட்டு வாசலில் இறங்கும்போது, “கண்ணாடி உங்க பையிலதான்த்தை இருக்கு” என்றாள்.

ஜூலை 2, புதன்

தெருவில் குழாய் பதிக்கக் குழி தோண்டினார்கள். வீட்டு டெலிபோன் செத்துவிட்டது.

ஜூலை 3, வியாழன்

ரிசீவரைப் பலமுறை எடுத்துப் பார்த்தேன். சத்தமில்லை.

ஜூலை 8, செவ்வாய்

டெலிபோன் ஆபீசுக்கு மறுபடி போனேன். கவுண்டரில் இருந்த பையன் என் விண்ணப்பத்தை ஏதோ தொல்பொருள்போலப் பார்த்தான்.

“யாரும்மா இன்னும் லேண்ட்லைன் வச்சுருக்கா? உங்க தெருவுல நீங்க மட்டுந்தான். சரண்டர் பண்ணிருங்க, டெபாசிட் வரும்.”

“செப்டம்பர் ஐந்துக்குள்ள சரியாகுமா தம்பி?”

“அன்னைக்கு என்ன விசேசம்?”

“ஆசிரியர் தினம்.”

“அதுக்கு ஏம்மா லேண்ட்லைன்? வாழ்த்துச் சொல்றவங்க வாட்ஸ்அப்ல சொல்லுவாங்க.”

எனக்கும் செல்போன் இருக்கிறது, சுகந்தி வாங்கித் தந்தது. அந்த எண் எல்லோருக்கும் தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வெயிலில் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தே வந்தேன். நடந்தால் கொஞ்சம் அடங்குகிறது.

ஜூலை 15, செவ்வாய்

அன்னையர் நாள் பற்றி எழுதினேன். அமெரிக்காவில் ஒரு பெண் தன் தாய்க்காகப் பாடுபட்டு அந்த நாளைக் கொண்டுவந்தாள். பூக்கடைக்காரர்களும் வாழ்த்து அட்டைக்காரர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அவளுக்கு ஆத்திரம் வந்து, மீதி வாழ்நாளில் அதே நாளை ஒழிக்கப் போராடினாள். முடியவில்லை.

எனக்குப் புரிகிறது. மனதில் ஒரு தேதியைத் தொடங்கிவைப்பது எளிது. பிறகு அதுவே நம்மைப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

இதை இரண்டு வரியில் எழுதமுடியவில்லை. “மே மாத இரண்டாம் ஞாயிறு” என்று மட்டும் போட்டேன்.

ஜூலை 18, வெள்ளி

சோலைராஜ் அழைத்தான்.

“டீச்சர், எல்லாம் அருமையா வந்துருக்கு. ஆகஸ்ட் பத்தொம்பது மட்டும் வெறுமையா இருக்கு.”

“அன்னைக்கு ஒண்ணும் சரியாக் கிடைக்கலய்யா.”

“செல்லுல தட்டுனேன் டீச்சர், போட்டோகிராபி தினம்னு வருதே?”

“பார்க்கிறேன்.”

“அவசரமில்ல. வருசத்தோட பின்பாதி கடைசியாத்தான் மெஷினுக்குப் போகும்.”

ஜூலை 24, வியாழன், ஆடி அமாவாசை

என் வீட்டுக்காரருக்கு இலை போட்டுக் காக்கைக்குச் சோறு வைத்தேன். மதியம் நாத்தனார் பேச்சியம்மாள் விருதுநகரிலிருந்து பேசினாள்.

“மதினி, சொல்றேன்னு கோவிச்சுக்கிடாதீங்க. நாள் தெரியாமப் போனவுகளுக்குன்னே புரட்டாசி அமாவாசைய வச்சுருக்காக. நாளே இல்லாதவுகளுக்கு அது ஒரு நாள். தயாளனுக்கும் ஒரு இலை போட்டுருங்க. சுகந்தியும் ஒரு வழிக்கு வரட்டும்.”

“பார்ப்போம் பேச்சி” என்றேன்.

நம் பெரியவர்கள் எவ்வளவு யோசித்து வைத்திருக்கிறார்கள்! பள்ளியில் பெயர்ப் பட்டியலில் விடுபட்ட பிள்ளைகளைக் கடைசியாக ஒரு வரிசையில் உட்காரவைப்போம், அதுபோல. ஆனால் அந்த வரிசையில் உட்காரவைக்க, பிள்ளை வந்திருக்க வேண்டும் அல்லது இல்லையென்று தெரிந்திருக்க வேண்டும்.

வக்கீல் வீட்டுக்கு எப்போது போகலாம் என்று சுகந்தி கேட்டாள். ஆடி முடியட்டும் என்றேன். நான் ஆடி பார்ப்பவள் அல்ல. அவளுக்கும் அது தெரியும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. எங்கள் ஊரில் இன்றுதான் அடுத்த வருடக் காலண்டர் ஆல்பங்களுக்குப் பூஜை போடுவார்கள். இன்று முதல் ஏஜென்டுகள் ஊர் ஊராகக் கிளம்புவார்கள். பஸ் ஸ்டாண்டில் தோளில் ஆல்பம் மாட்டிய ஆட்கள். அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போய்க் காய்கறி வாங்கினேன். தக்காளி சொத்தை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காணாமற்போனவர்களுக்கு ஏதாவது தினம் இருக்கிறதா என்று தேடினேன். இரண்டு இருக்கின்றன.

ஒன்று, மே 25. நியூயார்க்கில் ஆறு வயதுப் பையன் ஒருவன் பள்ளிப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்துபோனான், அங்கே போய்ச் சேரவில்லை. அவன் கடைசியாகக் காணப்பட்ட தேதியே தினமாயிற்று. அது குழந்தைகளுக்கு.

இன்னொன்று, ஆகஸ்ட் 30. அரசுகளால் கட்டாயமாகக் காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்கானது. தயாளனை யாரும் வீடு புகுந்து பிடித்துப் போகவில்லை. அந்த நாளை என்னுடையதென்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமையில்லை.

முப்பது வயது ஆண், தோளில் ஆல்பத்தோடு, மத்தியானச் சாப்பாட்டை டப்பாவில் கட்டிக்கொண்டு, “வரேன்மா” என்று சொல்லிப் போனால், அதற்கென்று ஒரு தினம் யாரும் வைக்கவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

தயாளன் போய் இன்றோடு ஒன்பது வருடம். வீட்டை இரண்டு முறை கழுவிவிட்டேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

சுகந்தி இன்று வேலைக்குப் போகவில்லை. காபியைக் கையில் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“கண்ணபிரான் சார் வீட்ல ஆவணிக்குள்ள ஒரு பதில் கேக்காங்க. அவரு பொறுத்துக்கிடுவாரு. அவங்கம்மாவுக்கு அந்தப் பொறுமை இல்ல. எத்தனை நாள்தான் நான் கேட்டுக்கிட்டே இருக்க?”

“கையெழுத்துப் போடுறேன்மா, போடமாட்டேன்னு சொல்லலையே.”

“அத்தை, உங்களுக்கு விருப்பம் இல்லைன்னா இல்லைன்னு சொல்லிருங்க. இங்கயே இருந்துக்கிடுறேன். ஆனா கண்ணாடி இல்ல, ஆடி மாசம்னு கதை சொல்லாதீங்க. நான் ஒண்ணும் உங்க எட்டாங் கிளாஸ் பிள்ளை இல்ல.”

கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தது. அவள் குரல் உயரவே இல்லை.

“செப்டம்பர் ஐந்து போகட்டும்” என்றேன்.

ஏன் அந்தத் தேதி என்று கேட்பாள் என நினைத்தேன், பதில்கூடத் தயார் செய்தேன். அவள் கேட்கவில்லை. 

“ஃபோன் வேலை செய்யணும்ல?” என்றாள். “லைன்மேன் அம்மாவுக்கு நான்தான் சுகர் டெஸ்ட் எடுக்கேன். சொல்றேன்.”

செப்டம்பர் 3, புதன்

லைன்மேன் வந்தார். கம்பியை இழுத்து ஒட்டினார். ரிசீவரில் அந்தப் பழைய ரீங்காரம் கேட்டது. அவருக்கு இரண்டு டம்ளர் மோர் கொடுத்தேன். மூன்றாவதுக்குக் கும்பிட்டுவிட்டார்.

செப்டம்பர் 4, வியாழன்

இட்லிக்கு ஊறப்போட்ட அரிசியை மறந்து, இன்னொரு முறை ஊறப்போட்டேன். வீடெங்கும் அரிசி.

செப்டம்பர் 5, வெள்ளி

இதுவரை இந்த நோட்டில்கூட எழுதாததை எழுதுகிறேன்.

ஒவ்வொரு வருடமும் இந்த நாளில், விளக்கு வைக்கும் நேரத்துக்கு, வீட்டு டெலிபோனுக்கு ஒரு அழைப்பு வரும். எடுத்தால் பேச்சு இருக்காது, மூச்சு மட்டும் கேட்கும். முதல் முறை வந்தது தயாளன் போன அதே வருடம், நான் ஓய்வு பெற்றபின் வந்த முதல் ஆசிரியர் தினம். சின்னப் பிள்ளையில் இந்த நாளில் எனக்கு ரோஜாப்பூ வைத்துவிடுவான். பேச முடியாத ஏதோ சிக்கலில் இருக்கிறான், அம்மாவின் குரலை மட்டும் கேட்டுக்கொள்கிறான் என்று எனக்குப் பட்டது. நான் ஒவ்வொரு முறையும் கேட்பது இவ்வளவுதான்: “சாப்பிட்டியாய்யா? உடம்பு நல்லாருக்கா? சரி, வையி.” அந்தப் பக்கம் மெல்ல வைத்துவிடும். அடுத்த ஒரு வருடம் நான் அதை வைத்துக்கொண்டு ஓட்டுவேன்.

என் டெலிபோன் பழைய கருவி. அழைக்கும் எண்ணைக் காட்டாது. காட்டினாலும் நான் திருப்பி அழைத்திருப்பேனா தெரியாது.

‘சேதி எதுவும் வரவில்லை’ என்று நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது?

இன்று காலையிலிருந்து கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. வழக்கமாக இந்த நாளில் சுகந்தி சாயங்காலமானதும் கடைக்குப் போகிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். இன்று போகவில்லை. சமையலறை நிலையில் சாய்ந்து நின்றாள்.

“கடைக்குப் போகலையாம்மா?”

“இந்த வருசம் போகலத்தை.” அப்புறம் சொன்னாள். “எனக்குத் தெரியும். கலியாணமாகி வந்த நாள்லருந்து உங்களப் பாக்கேன். நான் இருந்தா நீங்க எடுக்க மாட்டீங்கன்னுதான் வருசாவருசம் வெளிய போவேன். காய்கறிக் கடையில சும்மா நிப்பேன்.”

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மணி அடித்தது.

எடுத்தேன். அதே மூச்சு.

“தயாளா.” இத்தனை வருடத்தில் அந்தப் பெயரைச் சொன்னது இதுவே முதல் முறை. “நீ பேச வேண்டாம்யா. நீதான்னா ‘ம்’னு மட்டும் சொல்லு. சுகந்தி இங்கனதான் நிக்கா. அவளுக்கு ஒரு வாழ்க்கை வந்துருக்கு. நீ இருக்கேன்னா நான் ஒண்ணு சொல்லணும், இல்லைன்னா வேற ஒண்ணு சொல்லணும். என்னைய ரெண்டுக்கும் நடுவுல நிக்கவிடாத.”

மூச்சு வேகமாயிற்று. ஏதோ முட்டியது. “டீ...” என்று ஒரு சத்தம். நின்றது. மறுபடி, “டீ... டீ...”

சுகந்தி பாய்ந்து வந்து ரிசீவரை வாங்கப் பார்த்தாள். என் இடது கை தானாக உயர்ந்தது. வகுப்பைப் பார்த்து உயர்த்துகிற அதே கை. அவள் அப்படியே நின்றுவிட்டாள். அந்தத் திணறலை எனக்குத் தெரியும். குறுக்கே புகுந்து வார்த்தையை எடுத்துக்கொடுக்கக் கூடாது. காத்திருந்தேன்.

“டீச்சர்.”

என் மகன் என்னை ஒருநாளும் டீச்சர் என்று கூப்பிட்டதில்லை.

“ஞா... ஞானதுரை, டீச்சர்.”

நான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன்.

“உ... உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன். நீங்க ரிட்டையர் ஆனதும் ப... பள்ளிக்கூட ஆபீஸ்ல நம்பர் வாங்கினேன். வாழ்த்துச் சொல்லணும்னுதான் எடுப்பேன். வ... வராது. ஆனா நீங்களே ‘சாப்பிட்டியாய்யா’ன்னு கேப்பீங்க. என்னையக் கண்டுபிடிச்சிட்டாகன்னு ச... சந்தோசமா வச்சுருவேன்.”

இவ்வளவையும் அவன் சொல்லிமுடிக்க வெகுநேரமாயிற்று. ஒரு சொல்லுக்கும் நான் குறுக்கே போகவில்லை.

“டீச்சர், த... தயாளன்னு சொன்னீங்களே. யாரு?”

“என் மகன்யா.”

அந்தப் பக்கம் தோசைக்கல் சீறும் சத்தம் மட்டும் கேட்டது. 

“சாப்பிட்டியா ஞானதுரை?” என்றேன். இந்தத் தடவை பதிலுக்குக் காத்திருந்தேன்.

“இ... இன்னும் இல்ல டீச்சர். தோசை சுடுறாங்க.”

சாத்தூரில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறானாம். இரண்டு பிள்ளைகளாம். பிள்ளைகள் நன்றாகப் பேசுவார்களாம், வாயை மூடவே மாட்டார்களாம்.

வைத்துவிட்டுத் திரும்பினால் சுகந்தி தரையில் உட்கார்ந்திருந்தாள்.

“அப்ப...” என்றாள். “அப்ப அவரு என்னைய வேண்டாம்னு போகலையாத்தை?”

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. இத்தனை வருடமும் அவளும் இந்த அழைப்பை நம்பியிருக்கிறாள். உயிரோடிருக்கிறான், அம்மாவுக்கு மட்டும் பேசுகிறான், கட்டியவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று எண்ணிக்கொண்டு, காய்கறிக் கடையில் போய் நின்றிருக்கிறாள். எனக்கு ஆறுதலாயிருந்த அதே மூச்சு அவளை அங்கே நிற்கவைத்திருக்கிறது.

“இல்லம்மா. அப்படி ஒரு சேதி எனக்கு வரவே இல்ல.”

அவள் அழுதாள். அவன் போன வருடத்தில்கூட இப்படி அழுது நான் பார்த்ததில்லை. நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன். எழுந்திருக்க அவள்தான் பிறகு கைகொடுத்தாள்.

ஆசிரியர் தினம் என்றால் மாணவன்தான் கூப்பிடுவான். ஒவ்வொரு தினமும் எங்கிருந்து வந்தது என்று ஊருக்கு எழுதிக்கொடுப்பவள் நான்.

செப்டம்பர் 6, சனி

நாள் முழுக்கப் படுத்திருந்தேன். சுகந்தி ரசம் வைத்தாள். ஊறிய அரிசியையெல்லாம் அவளே ஆட்டினாள். “தெருவுக்கே இட்லி போடலாம்த்தை” என்றாள்.

செப்டம்பர் 8, திங்கள்

வக்கீல் வீடு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பத்திரத்தை முழுவதும் படித்தேன். ஓரிடத்தில் ‘எனக்குத் தெரிந்தவரையில்’ என்றிருந்தது. அதை அடிக்கச் சொன்னேன்.

“ஏன் டீச்சர்?”

“அவன் இருந்திருந்தா எனக்குச் சேதி வந்திருக்கும். வரலை. அப்படியே எழுதுங்க.”

எழுதினார். கையெழுத்துப் போட்டேன். கோர்ட்டிலும் வந்து இதையேதான் சொல்ல வேண்டும் என்றார். சொல்கிறேன் என்றேன்.

வெளியே கண்ணபிரான் ஸ்கூட்டரோடு நின்றிருந்தார். என்ன பேசுவதென்று தெரியாமல், “பிரஷர் மாத்திரை தீந்துருக்குமேம்மா” என்றார். தீர்ந்துதான் போயிருந்தது.

செப்டம்பர் 14, ஞாயிறு

சுகந்தி டெலிபோனைக் காட்டி, “இதை இனிமே எடுத்துரலாமாத்தை?” என்று கேட்டாள்.

“வேண்டாம். ஞானதுரைக்கு இந்த நம்பர்தான் தெரியும்.”

செப்டம்பர் 21, ஞாயிறு, புரட்டாசி அமாவாசை

பேச்சியம்மாள் காலையிலேயே பேசினாள். அவருக்கு மட்டும் ஒரு இலை போட்டேன். தயாளனுக்குப் போடவில்லை. சேதி வரவில்லை என்பது மட்டுந்தான் எனக்குத் தெரியும். தெரிந்ததற்குக் கையெழுத்துப் போட்டாயிற்று. தெரியாததற்கு இலை போட என்னால் முடியாது. பேச்சி கொஞ்சம் கோபப்பட்டாள், அப்புறம் அவளே முருங்கைக்காய் விலையைப் பற்றிப் பேசத் தொடங்கினாள்.

செப்டம்பர் 22, திங்கள்

அச்சகத்துக்கு நானே போனேன். தயாளன் போனபின் அந்தத் தெருவுக்குள் இன்றுதான் நுழைகிறேன். ஏஜென்டுகள் வந்தும் போயும் இருந்தார்கள். அவர்கள் தோள்களைப் பார்த்தேன். பார்க்க முடிந்தது.

சோலைராஜ் ஓடிவந்து மின்விசிறிக்குக் கீழே உட்காரவைத்தான். “சொல்லி அனுப்பிருந்தா நானே வந்துருப்பேனே டீச்சர்!”

“ரெண்டு திருத்தம். அக்டோபர் இருபத்திரண்டு, விட்டுப்போச்சு. இதைச் சேர்த்துக்க.”

சத்தமாக வாசித்தான்: “‘உலகத் திக்குவாய் விழிப்புணர்வு நாள். எதிரில் இருப்பவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள். நீங்களாக ஒன்றை நினைத்துக்கொள்ளாதீர்கள்.’ நல்லாருக்கு டீச்சர். இடமும் சரியா இருக்கு.”

“இன்னொண்ணு, ஆகஸ்ட் பத்தொன்பது.”

வாங்கிப் பார்த்தான். “‘உலகப் புகைப்பட நாள். 1839-இல் இதே தேதியில் புகைப்படக் கலை உலகத்துக்குப் பொதுவாக்கப்பட்டது.’” தலையைச் சொறிந்தான். “இதத்தான டீச்சர் நான் ஜூலையிலயே சொன்னேன்?”

“ஆமாய்யா. நீ சொன்னதுதான் சரி.”

அவன் கம்ப்யூட்டரில் அடித்தான். மேலே நின்ற ராகு காலத்துக்கு இடிக்காமல், வரி உடைந்து மூன்றாவதாகப் போகாமல், இரண்டு வரிக்குள் அடங்கிவிட்டது.